கண்ணாடிப் பேப்பர் பிரிக்காத படங்கள்

ஒரத்தநாடு
20-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

விஜி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, தைலத்தைத் தேய்க்கிறீர்களா அல்லது பாட்டிலோடு வைத்திருக்கிறீர்களா என்பதுதான் தெரிய வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். மஸ்கட்டில் உங்கள் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நம் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடுகிறது. இது அவர்களுக்கான விஷயம் இல்லை. கூத்தாநல்லூர் ஃபஹத் லீவு முடிந்து நாளை மறுநாள் திருச்சியில் விமானம் ஏறுகிறான். மாமா தனியாக இருக்கும்போது கொடு தம்பி என்று சொல்லித்தான் இதை அவன் கையில் கொடுக்கிறேன்.

பொங்கலுக்கு நம் சூர்யாவும் ஆர்த்தியும் சென்னையிலிருந்து வந்து ஐந்து நாள் இருந்தார்கள். மருமகளுக்கு நாலாவது மாதம் நடக்கிறது. புளிக்குழம்பு வாசனை ஆகவில்லை, ஆனால் கருவாடு கேட்டுச் சாப்பிட்டாள். புது ஆற்றுப் பக்கத்து ஒன்றரை ஏக்கரில் சம்பா நன்றாக முற்றிவிட்டது. அறுவடை மெஷின்காரர் அடுத்த வாரம் வருகிறேன் என்கிறார். மூன்று வாரமாக அவருக்கு அடுத்த வாரம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்து இங்கே வரும்போது ஏசி போட்ட அறை ஒன்று வேண்டும் என்று சூர்யா சொல்கிறான். கேட்பது நியாயம். ஆனால் அவன் கைகாட்டுவது வடக்கு அறையை, விதைநெல் மூட்டைகளும் உங்கள் சினிமாப் பட டிஸ்க் பெட்டிகளும் இருக்கிற அறையை. நெல்லை எங்கே மாற்றுவது என்று அரை மணி நேரம் யோசித்தவன் பெட்டிகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதெல்லாம் இப்ப போன்லயே இருக்கும்மா, பழைய பேப்பர்காரர்கூட எடுக்க மாட்டார் என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் பாயசத்தை அவனுக்கு ஊற்றாமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவனுக்கு என்ன தெரியும், அப்போது ஐந்து வயது. நீங்களும் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். 2001-இல் முதல் லீவுக்கு வந்தபோது ஒரு பிளேயரும் நாலு படமும் கொண்டுவந்தீர்கள். சாயங்காலம் போட்டுப் பார்க்கலாம் என்று என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். எப்படித் தெரிந்ததோ, ஆறு மணிக்குத் தெருவே நம் கூடத்தில் இருந்தது. உங்கள் பெரியம்மா முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். நான் மூன்று தடவை டீ போட்டேன். படம் முடிந்து எல்லோரும் கதாநாயகிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவள் சிவப்பா கறுப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் அடுப்பில் பொங்கின பாலைத்தான்.

அந்த லீவு முழுக்க அதே கூத்து. புறப்படுவதற்கு முதல் நாள் நீங்கள் கோபமாகச் சொன்னீர்கள்: இனிமேல் நான் கொண்டுவருகிற படம் ஒன்றுகூட ஊருக்கு இல்லை, கண்ணாடிப் பேப்பரைப் பிரிக்காமல் அப்படியே வை, நான் ஒரேயடியாக வந்தபிறகு ஒரு நாளைக்கு ஒரு படம், நீயும் நானும் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கதவைச் சாத்திக்கொண்டு என்றதற்கே வெட்கம் வந்துவிட்டது. அடுப்படிக்கு ஓடிப் போய் நின்றுகொண்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் நாற்பது, ஐம்பது. எல்லோரும் பிஸ்தாவும் சோப்பும் கொண்டுவருவார்கள், நீங்கள் படம் கொண்டுவந்தீர்கள். விமானத்தில் எடை கூடிவிட்டது என்று உங்கள் சட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்த வருஷமும் உண்டு. 2017-இல், படக்கடையையே மூடிவிட்டான் விஜி, இனிமேல் கிடைக்காது என்று ஏதோ எழவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரிச் சொன்னீர்கள். எட்டு அட்டைப்பெட்டி, மேலே வருஷம் எழுதி. மொத்தம் முந்நூற்று எண்பத்தேழு படம். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஒரு வருஷமும் இருபத்திரண்டு நாளும் வரும். எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றையும் நான் பிரிக்கவில்லை. ஆடியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து வைப்பேன். கஜா புயல் அன்றைக்குக் காற்று ஓட்டைப் பிய்க்கிற சத்தத்தில், நான் முதலில் பரணில் ஏற்றியது உங்கள் பெட்டிகளை. பட்டாவும் பத்திரமும் பிறகுதான். கலைமகள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பெற்ற மகளைவிட அப்பாவின் படம்தான் பெரிது அம்மாவுக்கு என்கிறாள்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். திட்டாதீர்கள். பாயசம் கிடைக்காத புருஷனுக்குப் பதிலாக ஆர்த்திதான் என்னைச் சமாதானம் செய்ய வந்தாள். பெட்டியிலிருந்து பத்துப் படத்தின் பெயரைப் பார்த்துப் போனில் தேடினாள். ஆறு இருந்தது. ஒன்று இருந்தும் பாட்டையெல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். மூன்று எங்குமே இல்லை. அந்த ஆறிலும் ஒன்றை இரண்டு நாள் கழித்துத் தேடினால் காணோம். எங்கே போனது என்று யாரிடம் கேட்பது? அத்தை, நம்மகிட்ட இருக்கிறதுதான் நம்மளது என்று அவளே சொல்லிவிட்டு, ஒண்ணே ஒண்ணு போட்டுப் பார்ப்போமா என்று கேட்டாள். பிரிக்க மாட்டேன் என்றேன். ஆனால் அவள் முகத்துக்காக, 2009-இல் நீங்கள் வாங்கிவந்த டிவிடி பிளேயரை எடுத்து, அதோடு இலவசமாக வந்த பாட்டு டிஸ்கைப் போட்டோம். விளக்குக்கூட எரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிவி ரிப்பேர் பார்க்கும் திருமுருகனிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்தவர், ஏம்மா, அந்த ரூம்ல என்னதான் வச்சிருக்கீங்க என்று கேட்டார். உள்ளே செம்புக் கம்பியெல்லாம் கரியாகிப் பச்சை பூத்திருந்தது. விதைநெல்லில் வண்டு விழுகிறது என்று மூன்று வருஷமாக உரக்கடையில் வாங்கிய மாத்திரையை மூட்டைக்கு நடுவே வைக்கிறேன். பெட்டிப் பக்கமும் பூச்சி வராதே, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அதையே பிளேயருக்குப் பக்கத்திலும் வைத்தேன். அந்த மாத்திரை விடுகிற புகைதான் கம்பியைத் தின்றிருக்கிறது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் அதை வைக்கலாமா என்று அவர் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கே மாத்திரைகளை எடுத்து, நெல்லையும் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன்.

பிளேயர் போனால் போகட்டும். படங்கள்? டிஸ்க்குக்குப் புகை ஒன்றும் செய்யாது, ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு இருபது வருஷம் தாங்கியதா என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். வெளியே எல்லாம் புத்தம் புதுசாக இருக்கிறது. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றே ஒன்றைப் பிரித்துப் பார்க்கட்டுமா? உங்களைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.

எப்படியும் மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது, அதோடு வந்துவிடுகிறேன் என்று தீபாவளிக்குச் சொன்னீர்கள். அதுவரை பொறு என்றாலும் பொறுக்கிறேன். பதிலைப் போனில் சொல்லாதீர்கள், எழுதுங்கள்.

மஸ்கட்டில் இப்போது குளிராமே, காதில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
விஜி


ஒரத்தநாடு
23-2-2025

மாமாவுக்கு,

எழுதுங்கள் என்று கேட்டேன். நீங்கள் போனில்தான் சொன்னீர்கள், ஸ்பீக்கரில். பிரிச்சுப் பாரேன் விஜி, இதுக்குப் போய் லெட்டரா என்றீர்கள். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அதே மூச்சில், கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, மே மாசத்துக்குள்ள கையெழுத்துப் போடணும், போடலாம்னு இருக்கேன் என்று கறிவேப்பிலை வாங்கின மாதிரிச் சொல்லிவிட்டு, சம்பா எத்தனை மூட்டை கண்டது என்று கேட்டீர்கள்.

முப்பத்தெட்டு மூட்டை. கொள்முதல் நிலையத்தில் நாலு நாள் முறைக்குக் காத்திருந்தோம். பனியில் நனையாமல் தார்ப்பாய் போட்டு நான்தான் காவல். உங்களுக்கு வேண்டிய தகவல் இவ்வளவுதானே.

முதலில் வீடு என்றீர்கள். வீடு கட்டினோம். பிறகு சூர்யா படிப்பு என்றீர்கள். படித்து முடித்தான். கலைமகள் கல்யாணம் என்றீர்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது எதற்கு இந்த இரண்டு வருஷம் என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஆவணி வந்தால் உங்களுக்கு ஐம்பத்தொன்பது. நமக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், நீங்கள் போய் இருபத்தாறு வருஷம். இந்த இருபத்தாறில் வந்து இருந்த லீவையெல்லாம் கூட்டினால் ஒன்றரை வருஷம் வருகிறது. சம்பந்தி வீட்டாரோடுகூட அதைவிடக் கூடுதலாகப் பழகியிருப்பேன்.

போன வியாழக்கிழமை கூத்தாநல்லூர் போயிருந்தேன். நல்ல பிளேயர் இரவல் வேண்டும், நோன்பு தொடங்கிவிட்டால் அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவசரமாக மன்னார்குடியில் பஸ் மாறிப் போனேன். ஃபஹத்தின் அம்மா ஹாஃபிஸா அக்கா சாப்பிடாமல் விடவில்லை. பிளேயர் பெரிய துண்டில் சுற்றிப் பீரோவுக்கு மேலே இருந்தது. எடுத்துக்கொண்டு போ, நாங்கள் எதைப் போட்டுப் பார்க்கப் போகிறோம் என்று கொடுத்துவிட்டார்கள்.

உங்களோடு பதினெட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்தானே அக்காவின் வீட்டுக்காரர் அன்சார் அண்ணன், அவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரேயடியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஃபேன் போட்டுக்கட்டுமா என்று அக்காவைக் கேட்பாராம். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டீயை அப்படியே குடித்துவிடுவாராம். ஆறு மாதம் வீட்டில் விருந்தாளி மாதிரி முள் மேல் உட்கார்ந்திருந்தார் என்று அக்கா சொல்கிறார்கள். இப்போது மீன் வாங்குவது அவர் வேலை. அன்றைக்குச் செவுள் வெளுத்த மீனை வாங்கிவந்துவிட்டார் என்று என் முன்னாலேயே பிடிபிடியென்று பிடித்தார்கள். அவரும் விடவில்லை, நீ போய் வாங்கிப் பார், அப்போது தெரியும் என்று பதிலுக்குப் பதில். அரை மணி நேரம் அந்தச் சண்டை நடந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது மாமா. செவுள் வெளுத்த மீனுக்குச் சண்டை போட எனக்கு ஆள் இல்லை.

கிளம்பும்போது அக்கா உங்களைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்கள். குணசேகரன் அண்ணனுக்கு அங்கே நன்றாகப் பொழுது போகிறதாம், வேலை முடிந்து வந்ததும் காதில் மாட்டிக்கொண்டு போனில் தினம் ஒரு படம் பார்க்கிறாராம், அந்தக் காலத்துப் படம் ஒன்று பாக்கி இல்லையாம், ஃபஹத் சொன்னான். அவர்கள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார்கள். நானும் ஆமாம் அக்கா, அவருக்குப் படம் என்றால் உயிர் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மன்னார்குடி வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

நம் பெட்டியில் இருக்கிற படங்களைத்தானே பார்க்கிறீர்கள்? எத்தனை பார்த்தீர்கள்? நூறா, முந்நூறா, எல்லாமுமா? நான் இங்கே இலை போட்டுத் தண்ணீர் தெளித்து இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். நீங்கள் கடையில் சாப்பிட்டுவிட்டீர்கள். சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருந்தால் நான் இலையை எடுத்திருப்பேன்.

எனக்கு டிவியில் பார்க்க வழி இல்லையா? நம் பெட்டியில் இருக்கிற படம் டிவியில் வந்தால் எழுந்து போய்விடுவேன். பக்கத்து வீட்டு மங்களாம்பிகை கதை சொல்ல ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்வேன். லூசு என்பாள். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது.

பிளேயர் கூடத்தில் துண்டு சுற்றியபடியே இருக்கிறது. எதையும் பிரித்துப் பார்க்க ஆசை இல்லை. வடக்கு அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறது. பெட்டிகளை என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சூர்யாவிடம் சொல்லிவிடுங்கள்.

இதைத் தபாலில் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். இரண்டு வாரம் நான் போன் எடுக்க மாட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
விஜயலட்சுமி


ஒரத்தநாடு
24-4-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பங்குனிக் கடைசியில் வந்தது. பதினெட்டு வருஷம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். எழுத்து கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன்.

வேலை முடிந்து வந்தால் அறையில் எல்லோரும் அவரவர் வீட்டோடு பேசுகிறார்கள், யாரோ ஒருவன் பிள்ளை அப்பா என்று கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது, அது காதில் விழாமல் இருக்கத்தான் மாட்டிக்கொள்கிறேன், படம் ஏதோ ஓடும், பாதியில் தூங்கிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்கியிருப்பீர்கள், அதை நம்புகிறேன். நம் கல்யாணத்தன்று புகைப்படக்காரர் லைட்டை மாட்டுவதற்குள் நாற்காலியிலேயே குறட்டை விட்டவர்தானே. மன்னித்துவிடு என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை போதும்.

இரண்டாவது பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். லீவுக்கு வந்தால் முப்பதாம் நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் காலண்டரைப் பார்க்கிறீர்கள், விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று பார்க்கிற மாதிரி, ஒரேயடியாக வந்துவிட்டால் முப்பத்தோராம் நாள் நான் எங்கே போவேன் விஜி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காகவா மாமா இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்று தள்ளிக்கொண்டு போனீர்கள்? இதை மனசில் வைத்துக்கொண்டா வீடு, படிப்பு, கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

காலண்டரைப் பார்த்தது உண்மை. பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் எப்போது போவீர்கள் என்று பார்க்கவில்லை, இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்தேன். நீங்கள் விமானம் ஏறுகிற தேதித் தாளை நான் எந்த வருஷமும் கிழித்ததில்லை. நாலைந்து நாள் அப்படியே தொங்கும். தேதி தப்பாக இருக்கிறதே என்று வருகிறவர்கள் யாராவது கிழித்துவிட்டுப் போவார்கள். இதை நான் ஒரு தடவையாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் அறிவு கொஞ்சம் கம்மிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பயம் உண்டு. இருபத்தாறு வருஷம் இந்த வீட்டைத் தனியாக ஓட்டிவிட்டேன். எந்த வாய்க்காலை எப்போது அடைப்பது, யாருக்கு எவ்வளவு மொய் எழுதுவது, எல்லாம் என் இஷ்டம். நீங்கள் வந்து ஏன் விஜி இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் சுருக்கென்று கோபம் வரும். போன லீவில் துண்டைக் கொடியில் மாற்றிப் போட்டதற்கே உங்கள் மேல் எரிந்து விழுந்தேன். நினைவிருக்கும். நீங்கள் வந்தால் சண்டை வரும். முப்பத்தோராம் நாளும் வரும், முந்நூறாம் நாளும் வரும். எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டும்.

படங்களின் விஷயம். சித்திரை ஒன்றாம் தேதி காலையில் பூசை முடித்து எல்லோருக்கும் போனில் வாழ்த்துச் சொல்லி முடித்தபிறகு, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மருமகள் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். பெட்டிகள் எட்டும் கூடத்தில் அடுக்கியிருந்தன. 2003 என்று எழுதின பெட்டியைத் திறந்து, முதலில் கைக்கு வந்ததை எடுத்து, கண்ணாடிப் பேப்பரைப் பிரித்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. பிரித்துப் பார் என்று நீங்கள் போனில் சொன்னதை இதற்கு எடுத்துக்கொண்டேன்.

டிஸ்கை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தினது போலப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. பிளேயரில் போட்டால் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இருபத்திரண்டு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்தது மாமா. யாரும் தொடவில்லை, எலி கடிக்கவில்லை, தண்ணீர் படவில்லை. சும்மா வைத்திருந்ததிலேயே போய்விட்டது. இன்னொன்றைப் பிரிக்கலாமா என்று கை போனது. ஒரு நாளைக்கு ஒன்றுதானே நம் பேச்சு. அன்றைக்கு அவ்வளவுதான் என்று மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் பிரித்தது ஓடியது. ரெண்டே முக்கால் மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. வாசலில் மங்களாம்பிகை கூப்பிட்டாள், வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இருந்துவிட்டேன். அதில் ஊரைவிட்டுப் போனவன் கடைசியில் மழையில் ரயிலடிக்கு ஓடி வருகிறான். அவள் நடைமேடையில் நிற்கிறாள். சரியாக அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கியபடி, வாயைத் திறந்தபடி, நனைந்துகொண்டு அப்படியே நிற்கிறான். நானும் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்து தொலையேண்டா என்று வாய்விட்டே கத்திவிட்டேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. பிறகு படம் தாவிப் போய்க் கல்யாண வீட்டில் நின்றது. அவன் எப்படி வந்து சேர்ந்தான் என்று தெரியாமலே போய்விட்டது. உங்களுக்குத் தெரிந்தாலும் போனில் சொல்லாதீர்கள். நேரில் சொல்லுங்கள்.

அன்றிலிருந்து தினம் ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சினிமாக்காரி மாதிரிப் பக்கத்தில் உங்கள் நாற்காலியைப் போட்டு வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. அந்த நாற்காலியில் நெல்லுச் சாக்கு கிடக்கிறது. ஆனால் நன்றாகச் சிரிப்பு வருகிற இடத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அதை என்னால் நிறுத்த முடியவில்லை.

சூர்யா போன வாரம் வந்திருந்தான். நான் படம் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பாதிப் படத்தில், இதெல்லாம் அப்பாவோட பாக்கறதுக்குன்னு வச்சிருந்ததுன்னு ஏம்மா சொல்லல என்று கேட்டான். ஆர்த்தி சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவனே கூடத்தில் பெட்டிகளுக்கு அலமாரி அடிக்க ஆசாரியை அழைத்துவந்து அளவெடுத்தான். நானும் அவனுக்குப் பாயசம் வைத்தேன்.

இன்றைக்குப் பதினோராவது படம். அதில் மூன்று போய்விட்டது, எட்டு ஓடியது. இன்னும் முந்நூற்று எழுபத்தாறு இருக்கிறது. இந்தக் கடிதம் மஸ்கட் வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதற்குள் இன்னும் பத்துக் குறைந்திருக்கும். உங்களுக்காக நான் நிறுத்தி வைக்கப் போவதில்லை மாமா. நிறுத்தி வைத்தது என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். நீங்கள் வருகிற அன்றைக்கு எந்தப் படமோ, அதிலிருந்து இரண்டு பேரும் பார்ப்போம். அதற்கு முன்னால் போனது போனதுதான், உங்களுக்காகத் திரும்பப் போட மாட்டேன்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். இருபத்தாறு வருஷத்தில் எதையும் அப்படிக் கேட்டதில்லை, நீங்களும் எங்களுக்காகத்தான் அந்த வெயிலில் நின்றீர்கள். அந்தப் பேப்பரை உங்கள் முன்னால் வைக்கும்போது, அன்றைக்கு இங்கே எத்தனை படம் மிச்சம் என்று மட்டும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஓடுகிறது எத்தனை, ஓடாதது எத்தனை என்று எனக்கே தெரியாது.

அந்த ஈசுவரி உங்கள் கண்ணையும் காலையும் நன்றாக வைத்திருக்கட்டும். நிறைய மிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

உங்கள்
விஜி